மிச்ச ஆண்டெனா கேபிள்: வெட்டுவதா, மடித்து வைப்பதா?

வண்டிக் கூரையில் வைக்கிற ஆண்டெனா அடித்தளம் வாங்கினால் கூடவே ஏறக்குறைய 5 மீட்டர் கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியும் அதைச் சுற்றிச் செம்புப் பின்னலும் உள்ள கேபிள்) வரும். சிலதில் 4 மீட்டர். பொலேரோ மாதிரி வண்டியில் கூரை நடுவிலிருந்து நடுத்தூண் வழியாக இறக்கி, கதவுப்படி ஓரமாக ஓட்டி, டேஷ்போர்டுக்கு ஏற்றினால் செலவாவது 3 மீட்டர் சொச்சம்தான். சின்ன காரில் இன்னும் குறையும். மிச்சம் இரண்டு மீட்டர் கையில் நிற்கும். வேலை முடிகிற நேரம், மேலே வெயில் கொளுத்துகிறது. அதை உள்ளங்கையில் நாலு சுற்றுச் சுற்றி, பிளாஸ்டிக் டையை 'கிர்ர்' என்று இழுத்து இறுக்கி, சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுக் கையைத் தட்டுவதுதான் வழக்கம்.

ரேடியோ அன்றைக்கு நன்றாகவே பேசும். அடுத்த சித்திரை வெயில் போய் ஆவணி வரும்போது ஒரு நாள் பேசாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மிச்சத்தை எப்படிக் கையாள்வது என்பது தானாகப் புரியும். இங்கே சொல்வது ஹாம் ரேடியோவின் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிறவர்களின்) 145, 435 மெகாஹெர்ட்ஸ் வண்டிக் கருவிகளுக்கும், உரிமம் இல்லாமல் 5 வாட் வரை பயன்படுத்தக்கூடிய 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (பொதுமக்கள் பேசுகிற) கருவிகளுக்கும் பொருந்தும். பாட்டுக் கேட்கிற எஃப்எம் செட் வேறு ஜாதி. அதைத் தனியாகச் சொல்கிறோம்.

சுருட்டினால் சிக்னல் சுருளுமா?

சுருளாது. கோஆக்ஸில் ஓடும் மின்னோட்டம் நடுக்கம்பியிலும் பின்னலின் உள்பக்கத்திலும் மட்டுமே ஓடுகிறது. அதன் புலம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பாலித்தீனுக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே கேபிள் நேராக இருக்கிறதா, சுருண்டிருக்கிறதா, முடிச்சுப் போட்டிருக்கிறதா என்பது உள்ளே போகிற சிக்னலுக்குத் தெரியவே தெரியாது. 'சுருட்டி வைத்தால் காயில் ஆகிவிடும், டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்' என்று மெக்கானிக் கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம்.

உண்மையில் கெடுப்பவை மூன்று. கேபிளின் நீளம் தின்கிற சக்தி ஒன்று. இறுக்கமான வளைவும் வெயில் சூடும் சேர்ந்து உள்ளே செய்கிற வேலை இன்னொன்று. மூட்டையை எங்கே வைக்கிறோம் என்பது மூன்றாவது.

நீளத்தை முதலில் பார்ப்போம். சாதாரண ஆர்ஜி-58 கேபிள், அதாவது 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கறுப்புக் கேபிள், 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபல் (சக்தி எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் அளவு) தின்னும். தயாரிப்பாளரைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அப்படியானால் 5 மீட்டருக்கு 1 டெசிபல். 25 வாட் ரேடியோ என்றால் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 20 வாட். பாதியாக வெட்டி 2.5 மீட்டர் ஆக்கினால் 22 வாட் சேரும். இந்த இரண்டு வாட்டை எதிர்முனையில் கேட்பவர் காதால் கண்டுபிடிக்க முடியாது.

435 மெகாஹெர்ட்ஸில் கதை வேறு. அங்கே அதே கேபிள் 100 மீட்டருக்கு 38 டெசிபல் வரை தின்னும். 5 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 2 டெசிபல். 25 வாட்டில் 16 வாட்தான் கூரை ஏறும். பாதி நீளத்தில் 20 வாட். கேட்பதிலும் இதே அளவு இழப்புத்தான். நகருக்குள் தெரியாது, மதுரை யானைமலை குறுக்கே நிற்கிற இடத்திலோ, கொடைக்கானல் மலைப்பாதை வளைவுகளிலோ, சொல் விட்டுவிட்டு வரும் ஓரத்தில் நிற்கும்போது அந்த ஒரு டெசிபல் வேலை செய்யும். 27 மெகாஹெர்ட்ஸிலோ 5 மீட்டருக்கு அரை டெசிபல் கூட இல்லை. சிபிக்காகக் கேபிளை வெட்டுவதில் சக்தி லாபம் என்று எதுவும் கிடையாது.

ஆகவே எங்கள் முறை இது: 435-இல் பேசுவதாக இருந்தால் வெட்டுங்கள். 145 மட்டும் என்றால், கனெக்டர் போடத் தெரிந்தால் வெட்டுங்கள், தெரியாவிட்டால் ஒழுங்காக மடித்து வையுங்கள். மோசமாகப் பற்றவைத்த ஒரு கனெக்டர் இரண்டு மீட்டர் மிச்சக் கேபிளைவிட அதிகமாகக் கெடுக்கும்.

வெட்டவே கூடாத கேபிள்கள்

கட்டரை எடுப்பதற்கு முன் கையில் இருப்பது எது என்று பாருங்கள்.

கார் பாட்டு ரேடியோவின் ஆண்டெனா கேபிள் தோற்றத்தில் கோஆக்ஸ்தான். உள்ளே முடி மாதிரி மெல்லிய நடுக்கம்பி, சுற்றிலும் பெரும்பாலும் காற்று. மத்திய அலை கேட்பதற்காகக் கேபிளின் கொள்திறன் (மின்னைத் தேக்கி வைக்கும் தன்மை) குறைவாக இருக்கவேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். அதை வெட்டி ஒட்டினால் அந்த முடிக்கம்பி பற்றவைப்பில் நிற்காது. அதற்குப் பதிலாக ஆர்ஜி-58-ஐப் போட்டால் கொடை எஃப்எம் 100.5 வரும், மத்திய அலை செத்துப்போகும். மிச்சம் இருந்தால் அப்படியே டேஷ்போர்டுக்குப் பின்னால் தளர்வாக விடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டுகிற ஆண்டெனா, தகடு இல்லாத ஃபைபர் பாடி வண்டிக்கு என்று விற்கிற சிபி ஆண்டெனா, இவற்றுடன் வரும் கேபிளின் நீளம் ஆண்டெனாவின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டிருக்கும். வெட்டினால் டியூனிங் போய்விடும். லாரிகளில் இரண்டு பக்கவாட்டுக் கண்ணாடிக்கும் இரண்டு ஆண்டெனா வைக்கிற ஜோடி கேபிளும் அப்படியே. அது 75 ஓம் கேபிள். இரண்டு கையும் ஒரே அளவு, அந்த அளவும் கால் அலைநீளக் கணக்கில் அமைந்தது. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் சிக்னல் ஒரு பக்கமாகச் சாயும்.

ஜிபிஎஸ் டிராக்கரின் மெல்லிய கேபிளையும் தொடவேண்டாம். அந்தச் சதுர வில்லைக்குள்ளேயே சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் கேபிள் நீளம் தின்பது அங்கே பொருட்டில்லை. கனெக்டரும் கையால் போடுகிற வகை இல்லை.

பின்கதவு ஓரத்தில் கவ்வுகிற அடித்தளங்களில் ஆண்டெனா பக்கத்துக் கொஞ்ச நீளம் மட்டும் மெல்லிய கேபிளாக இருக்கும். கதவு ரப்பருக்கு அடியில் நசுங்காமல் போகத்தான் அது. கதவு திறந்து மூடும்போது ஆடுவதற்கு அங்கே ஒரு தளர்வும் வேண்டும். அதை மிச்சம் என்று நினைத்து இழுத்து இறுக்கிவிடாதீர்கள். வெட்டுவதானால் தடித்த கேபிளில், ரேடியோ பக்கம் மட்டும்.

முதலில் பாதை, கடைசியில் கட்டர்

கேபிளை ஆண்டெனாவில் தொடங்கி ரேடியோவை நோக்கி ஓட்டவேண்டும். ரேடியோ பக்கம் கனெக்டர் ஏற்கெனவே மாட்டியிருந்தால் தூணுக்குள்ளும் கதவுப்படி மூடிக்குள்ளும் நுழைக்கத் தடுமாற்றம். வெட்டுவது என்று முடிவாகிவிட்டால் அந்தக் கனெக்டரை முதலிலேயே அரை மீட்டர் கேபிளோடு வெட்டித் தனியே வைத்துவிட்டு வெறும் கேபிளை இழுங்கள். வேலை பாதி நேரத்தில் முடியும்.

ஓட்டுவதற்கு முன் ஒரு சணல் கயிற்றை அதே பாதையில் வைத்துப் பார்த்து அளவு எடுங்கள். அந்த அளவோடு சேர்க்கவேண்டியவை: ரேடியோவை வெளியே இழுத்துப் பின்புறத்தைப் பார்க்க 30 சென்டிமீட்டர், பிற்காலத்தில் கனெக்டர் கெட்டால் இரண்டு முறை வெட்டிப் போட 10 சென்டிமீட்டர், கேபிள் வெளியிலிருந்து உள்ளே நுழைகிற இடத்தில் நீர் சொட்டும் தொங்கலுக்கு 8 சென்டிமீட்டர். இந்த அரை மீட்டருக்கு மேல் இருப்பதுதான் மிச்சம். 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்று இன்னொரு மீட்டர் விடவேண்டியதில்லை. அரை மீட்டரையும் வெட்டிவிட்டு ரேடியோவின் முதுகில் கேபிளை நாண் மாதிரி இழுத்து மாட்டுவது அதைவிட மோசம். குண்டும் குழியுமான ரோட்டில் நாலு மாதம் ஓடினால் சாக்கெட்டே ஆடத் தொடங்கும்.

நீர்த்தொங்கல் என்பது சின்ன விஷயம்தான், ஆனால் அதை விடுபவர்கள் அதிகம். கேபிள் கதவு ரப்பரைத் தாண்டி உள்ளே நுழையும் முன் 'ப' வடிவத்தில் கீழே ஒரு வளைவு தொங்கவேண்டும். ஐப்பசி மழை கேபிள் மேலேயே வழிந்து வந்து அந்த அடிவளைவில் சொட்டிவிடும். தொங்கல் இல்லாவிட்டால் நேரே உள்ளே வந்து கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும்.

தூண்களில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அந்தத் தூண் மூடியைக் கழற்றி உள்ளே கேபிளைத் திணிக்காதீர்கள். ஏர்பேக் விரியும்போது கேபிள் குறுக்கே வரும். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அந்த இடத்தை விட்டு விலகிப் போங்கள்.

வெட்டிக் கனெக்டர் போடுவது

பெரும்பாலான வண்டி ரேடியோக்களுக்குப் பிஎல்-259 என்ற திருகுக் கனெக்டர். அது தடித்த கேபிளுக்குச் செய்தது. ஆர்ஜி-58-க்குப் போட யூஜி-175 என்ற குறுக்கும் வளையம் தனியாக வேண்டும். யூஜி-176 என்பது இன்னும் கொஞ்சம் தடித்த கேபிளுக்கு. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். கேபிள் துண்டைக் கொண்டுபோய் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். 176 வந்துவிட்டால் கேபிள் உள்ளே லொடலொட என்று ஆடும்.

கடை என்றதும் ஒரு எச்சரிக்கை. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் வெறுமனே 'கோஆக்ஸ் கேபிள், கனெக்டர்' என்று கேட்டால் டிஷ் டிவிக்கான ஆர்ஜி-6-ஐயும் கேமராவுக்கான பிஎன்சி கனெக்டரையும்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அவை 75 ஓம். நமக்கு வேண்டியது 50 ஓம். கேமராக் கனெக்டரின் குழலும் அளவு பொருந்தாது. இழுத்தால் கையோடு வரும். '50 ஓம், ஆர்ஜி-58' என்று எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

இனி வேலை. சால்டரிங் அயர்ன் 60 வாட்டுக்குக் குறையக்கூடாது. 25 வாட் அயர்ன் நடுக்கம்பிக்குப் போதும், பித்தளை உடலைச் சூடாக்க அதால் முடியாது. அதை வைத்து ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் ஈயம் பிடிக்கும் முன் உள்ளே பாலித்தீன் உருகிவிடும். பெரிய அயர்ன், குறைந்த நேரம்.

1. வெளித்திருகு வளையத்தைக் கேபிளில் முதலில் நுழையுங்கள், திருகு மரை வெட்டுமுனையைப் பார்க்க. அடுத்து குறுக்கும் வளையம். இதை மறந்துவிட்டு எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகு வளையம் மேசையில் கிடப்பதைப் பார்க்காத ஆளே கிடையாது.

2. முனையிலிருந்து 19 மில்லிமீட்டர் கறுப்பு உறையை உரியுங்கள். பிளேடைச் சுற்றிலும் லேசாக ஓட்டி, கேபிளை வளைத்தால் உறை தானாகப் பிளக்கும். அழுத்தினால் பின்னல் இழை அறுபடும்.

3. பின்னலை விரித்துப் பின்னோக்கி மடியுங்கள். குறுக்கும் வளையத்தை உறையின் விளிம்புக்குக் கொண்டுவந்து, பின்னலை அதன் கழுத்தின் மேல் சுற்றிலும் சீராகப் படியவைத்து, 10 மில்லிமீட்டர் விட்டு மிச்சத்தைக் கத்தரியுங்கள்.

4. நடுக்கம்பி 16 மில்லிமீட்டர் தெரியும்படி பாலித்தீனை நீக்கி, கம்பிக்கு ஈயம் பூசுங்கள். பின்னலில் ஒரு இழைகூட முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஷார்ட் ஆவதற்கு அந்த ஒரே இழை போதும்.

5. கனெக்டர் உடலைக் குறுக்கும் வளையத்தின் மேல் இறுகத் திருகுங்கள். உடலில் உள்ள ஓட்டைகள் வழியாகப் பின்னல் பளபளப்பது தெரியும். அந்த ஓட்டைகளில் ஈயம் ஊற்றுங்கள். ஈயம் முத்தாக உருண்டு நிற்காமல் தண்ணீர் மாதிரிப் பரவவேண்டும். உடலை முன்பே கொஞ்சம் அரத்தால் தேய்த்து வைத்தால் ஈயம் சீக்கிரம் பிடிக்கும்.

6. ஆறவிட்டு, நுனிக்குழலில் நடுக்கம்பியைப் பற்றவையுங்கள். வெளியே வழிந்த ஈயத்தைத் தேய்த்து எடுங்கள்; இல்லாவிட்டால் சாக்கெட்டின் நடுப்பிடியை அது விரித்துவிடும்.

பற்றவைக்கக் கை வராது என்பவர்களுக்குக் கிரிம்ப் வகை, அதாவது நசுக்கிப் பிடிக்கவைக்கிற கனெக்டர் உண்டு. ஆர்ஜி-58-க்கு 5.4 மில்லிமீட்டர் அறுகோணப் பள்ளம் உள்ள கிரிம்பிங் பிளேயர் வேண்டும். டிவி கேபிள் கிரிம்பரில் பள்ளம் பெரிது, பிடிக்காது. கொறடால் நசுக்குவது எந்த வகையிலும் சேராது.

வெட்டாமல் மடித்து வைப்பது

ஆர்ஜி-58-ஐ நிரந்தரமாக வளைத்து வைக்க ஆரம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதாவது வளையத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டர். அளவுகோல் வேண்டாம்: டம்ளரில் சுற்றினால் சின்னது, சொம்பில் சுற்றினால் சரி. உள்ளங்கைச் சுற்று டம்ளரைவிடச் சின்னது.

ஏன் இந்தக் கணக்கு? பாலித்தீன் சூட்டில் இளகும் பொருள். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடலாம். ஆர்ஜி-58 வகைக் கேபிள்களின் வரம்பே ஏறக்குறைய 80 டிகிரிதான். இறுக்கமாக வளைத்த இடத்தில் நடுக்கம்பி எப்போதும் நேராக நிமிரப் பார்க்கும். இளகிய பாலித்தீனுக்குள் அது மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து பின்னலை நெருங்கும். ஒரு கோடையில் கொஞ்சம், அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம். கடைசியில் தொட்டுவிடும். வெளியே உறையில் ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே நுரை வகைப் பாலித்தீன் போட்ட, இழப்புக் குறைவான விலை கூடிய கேபிள்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பிளாஸ்டிக் டையை இறுக்கிய இடத்திலும் இதே கதை.

மடிக்கும் விதம்: மிச்சத்தைத் தரையில் போட்டு, 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு எட்டுப் போடுங்கள். டூவீலர் லைசென்சுக்கு ஆர்டிஓ ஆபீசில் போடச் சொல்வார்களே, அதே எட்டு. ஒரு கண் வலப்பக்கம், ஒரு கண் இடப்பக்கம் என்று மாறி மாறி வருவதால் கேபிளில் முறுக்கு ஏறாது. படுக்கையாகத் தட்டையாக உட்காரும். வட்டமாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறும், பிறகு இழுக்கும்போது மடங்கிக் கண்ணி விழும். எட்டின் இன்னொரு நன்மை, பக்கத்து வயர்களிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கண்ணிலும் எதிரெதிராக விழுந்து பெருமளவு அடிபட்டுப்போகும்.

நடுவில், எட்டு குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரே ஒரு கட்டு. வெல்க்ரோ பட்டை நல்லது. பழைய பருத்திப் பட்டைத் துணிகூடப் போதும். கறுப்பு இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை கசிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். டைதான் இருக்கிறது என்றால் கட்டிய பிறகு கேபிள் அதற்குள் நழுவ வேண்டும், அவ்வளவு தளர்வு. மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சுற்றினால் உள்ளே கிடந்து தட்டுகிற சத்தம் வராது.

மூட்டையை வைக்கிற இடம்

பின்சீட்டுக்கு அடியில், தரையோடு படுத்திருக்கும்படி வைப்பது எல்லாவற்றிலும் மேல். சூடு குறைவு, கால் படாது. முன்சீட்டுக்கு அடியில் வைக்க ஆசை வரும். சீட் முன்னும் பின்னும் ஓடும் தண்டவாளத்தில் ஒரு கண் மாட்டினால் கத்தரி மாதிரி வெட்டிவிடும். சில வண்டிகளில் சீட் ஏர்பேக் கனெக்டரும் அங்கேதான் இருக்கும். ஆம்னி, ஈகோ, டாடா ஏஸ் வண்டிகளில் முன்சீட்டுக்கு அடியில் இன்ஜினே இருக்கிறது. அங்கே எந்தக் கேபிளையும் வைக்கக்கூடாது என்று சொல்லவே தேவையில்லை, ஆனாலும் வைக்கிறார்கள்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் திணிப்பது அடுத்த தப்பு. அங்கேதான் வண்டியின் வயர்க்கட்டு, ஏசி புளோயர், சில வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம். கருவி பேசும்போது பின்னலின் வெளிப்புறத்தில் கொஞ்சமாவது மின்னோட்டம் ஓடினால் அது அந்த வயர்களில் ஏறும். இண்டிகேட்டர் தானாக மினுக்கும், மீட்டர் முள் குதிக்கும். கேட்கும்போது எதிர்ப்பக்கமாக வண்டியின் இரைச்சல் கேபிளில் ஏறும். பேட்டரியிலிருந்து வரும் மின்வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரு சாண் தள்ளியே ஓடட்டும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்குறுக்காகக் கடக்கட்டும்.

கிராமத்துப் பக்கம் தோட்டத்தில் நிற்கிற வண்டி என்றால் எலியை மறக்காதீர்கள். மூட்டையாகக் கிடக்கும் கேபிள் அதற்கு மெத்தை.

நீளத்தை மாற்றினால் மீட்டர் முள் மாறுகிறதே?

இதில்தான் பலர் குழம்புகிறார்கள். கேபிளை அரை மீட்டர் வெட்டியதும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் நல்லது, ஏற ஏற மோசம்) 1.8-லிருந்து 1.4 ஆனது, ஆகவே 'சரியான நீளம்' கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். 50 ஓம் கேபிளில் நீளம் எஸ்.டபிள்யூ.ஆரை மாற்றாது, இழப்பால் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். வெட்டியதும் முள் கணிசமாக ஆடினால் பின்னலின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளே ஆண்டெனாவின் ஒரு கால் ஆகிவிட்டது என்று அர்த்தம். காரணம் பெரும்பாலும் ஆண்டெனா அடித்தளம் பாடியோடு சரியாக எர்த் ஆகாதது. ஓட்டையைச் சுற்றி உள்பக்கப் பெயின்டைச் சுரண்டினீர்களா? கவ்வியின் திருகுகள் பெயின்டைத் துளைத்துத் தகட்டைத் தொடுகின்றனவா? அதைப் பாருங்கள். காந்த அடித்தளம் பெயின்டைத் தாண்டித் தகட்டோடு கொள்திறன் வழியாகத்தான் இணைகிறது. 145-இல் அது போதும், 27-இல் போதாது.

நீளமான கேபிள் பொய் சொல்லும் என்பதற்கு ஒரு கணக்கு. ஆண்டெனாவில் உண்மையான எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்று வைத்துக்கொள்வோம், மோசம். நடுவில் 2 டெசிபல் தின்னும் கேபிள், அதாவது 435-இல் நம் 5 மீட்டர். ரேடியோ பக்கம் மீட்டர் காட்டுவது 1.9. 'பரவாயில்லையே' என்று விட்டுவிடுவோம். வெட்டிக் குட்டையாக்கிய பின் 2.3 காட்டினால் நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கேபிள் மறைத்ததை மீட்டர் இப்போது சொல்கிறது. ஆண்டெனாத் தண்டின் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

சிபிக்காரர்களிடையே '18 அடிதான் கேபிள் இருக்கவேண்டும், வெட்டக்கூடாது' என்று ஒரு வேதவாக்கு உண்டு. 27 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 18 அடி என்ற கணக்கிலிருந்து வந்தது அது. ஆனால் அது வெட்டவெளிக் கணக்கு. கேபிளுக்குள் அலை மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகும், ஆகவே அரை அலை 12 அடிதான். ஆண்டெனா சரியாக 50 ஓம் இருந்தால் 18-ம் வேண்டாம், 12-ம் வேண்டாம்.

சிபியில் மிச்சக் கேபிளுக்கு நல்ல வேலை ஒன்று உண்டு. ஆண்டெனா அடித்தளத்துக்குப் பக்கத்தில், சொம்பு அளவில் 6 முதல் 8 சுற்று, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒரே அடுக்கில் சுற்றி வைத்தால் பின்னலின் வெளிப்புற மின்னோட்டத்தை அது தடுக்கும். இரண்டு இரண்டரை மீட்டர் அதிலேயே செலவாகிவிடும். அள்ளிக் கட்டிய மூட்டையாக இருந்தால் தடுக்காது, ரேடியோ பக்கம் வைத்தாலும் பெரிய பயனில்லை. 145-இல் இந்தச் சுருள் வித்தை நம்பும்படி வேலை செய்யாது. சுற்றுகளுக்கு இடையே உள்ள கொள்திறன் வழியாக மின்னோட்டம் தாவிவிடும். அங்கே கேபிள் மேல் கவ்வுகிற ஃபெரைட் (காந்தப்பொருள்) கிளிப்தான்.

முடிக்கும் முன் சோதனை

ஆண்டெனாத் தண்டைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். நடுவிலிருந்து நடுவுக்கு 1 ஓமுக்குள். நடுவுக்கும் பின்னலுக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. பின்னலிலிருந்து வண்டி பாடிக்கு, காந்த அடித்தளம் தவிர மற்றவற்றில், 1 ஓமுக்குள். தண்டை மாட்டியபடி பார்த்தால் சில ஆண்டெனாக்கள் ஷார்ட் என்றே காட்டும், அடியில் காயில் இருப்பதால். பயப்படவேண்டாம்.

மீட்டரில் சத்தம் வரும்படி வைத்து, கனெக்டர் கழுத்தை நாலு பக்கமும் ஆட்டுங்கள். எட்டு மடிப்பின் கண்களையும் லேசாக அழுத்துங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் பற்றவைப்பு சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு கதவுகள் எல்லாம் மூடி, இன்ஜின் ஓட, எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். கதவு திறந்து பார்த்த அளவும் மூடிப் பார்த்த அளவும் ரொம்ப வித்தியாசப்பட்டால் கதவு எங்கேயோ கேபிளைக் கடிக்கிறது, அல்லது எர்த் சரியில்லை.

வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த மறுநாள் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறி, இரண்டு நாள் வெயிலில் இறங்கினால் கூரைப் பக்கம் தண்ணீர் போகிறது. பின்னல் திரிநூல் மாதிரித் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். அங்கே உறையை உரித்துப் பார்த்து, செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். அதற்கு ஆண்டெனா பக்கம் நீளம் தேவைப்படும். அடித்தளத்தோடு சேர்த்து வார்த்த கேபிள் என்றால் அடித்தளத்தையே மாற்றவேண்டியதுதான்.

வெட்டிய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். முதலில் வெட்டி வைத்த அரை மீட்டர் துண்டின் ஒரு முனையில் கடையிலிருந்து வந்த கனெக்டர் அப்படியே இருக்கிறது. அதன் மறுமுனையில் இன்னொரு பிஎல்-259 போட்டால் ரேடியோவுக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டருக்கும் நடுவில் மாட்டுகிற கேபிள் தயார். மிச்சமுள்ள துண்டில், அடுத்த வண்டிக்கு முன் கனெக்டர் போட்டுப் பழகிக்கொள்ளலாம்.